கிராமச் சுற்றுலாவுக்கு அரசு உதவி: எது கிடைக்கும், எது கிடைக்காது

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது. அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் கீழக்கரையில் ஏறுதழுவுதல் அரங்கம் 2024 ஜனவரியில் திறந்தது. அதிலிருந்து மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு பேச்சு ஓயாமல் ஓடுகிறது: "நம்ம ஊரையும் சுற்றுலாத் தலமா அறிவிச்சுட்டா போதும், அரசாங்கப் பணம் வந்துரும்." அதே டீக்கடையில் இன்னொரு குரலும் கேட்கும்: "அதெல்லாம் பேப்பர்லதான் இருக்கும், நம்ம கைக்கு வராது."

இரண்டு பேச்சுமே உண்மைக்குத் தூரம். உதவி இருக்கிறது. ஆனால் அது நாம் நினைக்கும் வடிவில் இல்லை, நாம் நினைக்கும் இடத்திலும் இல்லை. இது தெரியாததால் நல்ல வாய்ப்புள்ள ஊர்கள் வெறுமனே காத்திருக்கின்றன. சிலர் கடன் வாங்கி அறை கட்டிவிட்டு ஆள் வராமல் தவிக்கிறார்கள். அதனால் அடிப்படையிலிருந்தே பார்த்துவிடலாம்.

ஊரகச் சுற்றுலா என்பது எது?

ஒரு கிராமத்தின் அன்றாட வாழ்க்கையை, அதாவது அதன் தொழில், சாப்பாடு, வயல், கலை, வழிபாடு ஆகியவற்றைப் பார்க்கவும் அதில் கொஞ்சம் கலந்துகொள்ளவும் வெளியூர்க்காரர் வருவதே ஊரகச் சுற்றுலா. அந்த வருகையால் வரும் வருமானம் அந்த ஊர்க்காரருக்குப் போய்ச்சேர வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

இந்த இரண்டாவது பாதியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கிராமத்தில் இருக்கும் ஓர் இடத்துக்கு ஆள் வந்தாலே அது ஊரகச் சுற்றுலா ஆகிவிடாது. அழகர்கோயிலுக்குப் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். அது கோயில் சுற்றுலா. சிவகங்கை மாவட்டத்தில், மதுரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற கீழடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே வண்டியைத் திருப்புகிறார்கள். கீழடி என்ற ஊருக்குள், அதன் தெருவுக்குள், அவர்கள் வருவதே இல்லை.

ஊர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள்

அரசு உதவி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள நம் ஊர்த் திருவிழாவே போதும். பங்குனியிலோ வைகாசியிலோ சாமி கும்பிட முடிவாகிறது. காவல்துறை அனுமதி தருகிறது, பந்தோபஸ்துக்கு ஆள் அனுப்புகிறது. மின்வாரியம் தற்காலிக இணைப்பு கொடுக்கிறது. ஊராட்சி தண்ணீர் லாரி விடுகிறது, தெருவிளக்கைச் சரிசெய்கிறது. இவை இல்லாமல் விழா நடக்காது. ஆனால் இவை மட்டும் விழா ஆகுமா?

தலைக்கட்டு வரி வசூலிப்பது ஊர். எந்த நாள் யார் மண்டகப்படி என்று பேசி முடிப்பது ஊர். முளைப்பாரி போடுவது, கரகம் எடுப்பது, வந்த சொந்தக்காரருக்குச் சோறு போடுவது எல்லாம் ஊர்தான். ஊர் கூடவில்லை என்றால், எத்தனை தண்ணீர் லாரி வந்தாலும் அந்த வருஷம் திருவிழா இல்லை.

கிராமச் சுற்றுலாவிலும் இதே கணக்குத்தான். அரசு சுற்றுவட்ட வேலையைச் செய்யும். விருந்தினரை வரவேற்கும் வேலையை ஊர்தான் செய்தாக வேண்டும்.

அரசு செய்வது நான்கு விதமான வேலைகள்

அவை கட்டுமானம், அங்கீகாரம், கடன், பயிற்சி. நான்கும் நான்கு வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து வருகின்றன. எல்லாவற்றையும் ஒரே 'திட்டம்' என்று நினைப்பதுதான் குழப்பத்தின் வேர்.

*கட்டுமானம்.* சாலை, கழிப்பறை, வாகன நிறுத்தம், தகவல் பலகை, விளக்கு ஆகியவை இதில் சேரும். இந்தப் பணம் எந்தத் தனி ஆளின் கைக்கும் வராது; ஒப்பந்த வேலையாகத்தான் நடக்கும். ஒன்றிய அரசின் சுவதேஷ் தர்ஷன் திட்டம் இந்த வகை. தமிழ்நாட்டில் அதன் முதல் கட்டம் சென்னை, மாமல்லபுரம், ராமேசுவரம், கன்னியாகுமரி என்று கடற்கரையோரம் போனது. இரண்டாம் கட்டத்துக்கு மாமல்லபுரமும் நீலகிரியும் எடுத்துக்கொள்ளப்பட்டன. வழிபாட்டுத் தலங்களுக்கான பிரசாத் திட்டத்தில் காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் இருக்கின்றன. இத்தகைய பெரிய திட்டங்களை மாநில அரசு கேட்டு ஒன்றிய அரசு ஒப்புக்கொள்ள வேண்டும். ஓர் ஊராட்சி நேரடியாக மனுப் போட்டு வாங்க முடியாது. ஊர் அளவிலான சின்ன வேலைக்கு ஊராட்சி நிதியும் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியும்தான் பக்கத்தில் இருக்கிற வழி.

இதில் ஒரு பழைய பாடம் உண்டு. 2002-03இல் ஒன்றியச் சுற்றுலா அமைச்சகம் கிராமச் சுற்றுலாவுக்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஓர் ஊருக்குக் கட்டுமானத்துக்கு அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய், ஆட்களைத் தயார்செய்ய 20 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டில் காரைக்குடியும் கழுகுமலையும் அந்தக் காலத்துப் பட்டியலில் இருந்தன. விருந்தினரை எப்படிக் கவனிப்பது, விலை எப்படி வைப்பது, கணக்கை எப்படிப் பிரிப்பது என்பதற்குத் தனிப்பணம் வேண்டும் என்று அப்போதே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இன்றைக்கும் நம் ஊர்க் கோரிக்கை மனுக்களில் முதல் வரி அலங்கார வளைவாகத்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், அந்த வளைவுக்கு ஆகும் பணத்தில் பெண்களுக்கு இரண்டு நல்ல கழிப்பறைகளும் அதைத் தினமும் கழுவ ஓர் ஆளும் போட்டால் வருகிறவர் நாலு பேரிடம் நம் ஊரைப் பற்றி நல்லபடியாகச் சொல்வார்.

*அங்கீகாரம்.* ஊருக்கோ வீட்டுக்கோ அரசு ஒரு தகுதிச் சான்று தருவது. ஒன்றியச் சுற்றுலா அமைச்சகம் 2023இலிருந்து சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டி நடத்துகிறது. 2023இல் 35 ஊர்கள், 2024இல் 36 ஊர்கள் தேர்வாயின. ஐ.நா. சுற்றுலா அமைப்பும் 15,000 பேருக்கு மிகாத ஊர்களுக்கு இதுபோல ஓர் அங்கீகாரம் தருகிறது. நெசவுக்குப் பேர்போன தெலங்கானாவின் போச்சம்பள்ளி 2021இல் அதைப் பெற்றது. இந்தப் பட்டங்களால் பெயர் பரவும், ஆள் வரும். பட்டத்தோடு வீட்டுக்கு வீடு பணம் வராது.

வீட்டுக்கான அங்கீகாரம்தான் ஹோம்ஸ்டே பதிவு. ஹோம்ஸ்டே என்றால், ஒரு குடும்பம் தான் வாழும் வீட்டிலேயே சில அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விடுவது. ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்படி ஒன்று முதல் ஆறு அறைகள் வரை விடலாம். உரிமையாளர் குடும்பம் அங்கே குடியிருக்க வேண்டும். சென்னையில் இருந்துகொண்டு பூர்வீக வீட்டைப் பூட்டிவைத்து, வாரக்கடைசியில் மட்டும் வாடகைக்கு விட்டால் அது ஹோம்ஸ்டே ஆகாது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் வீட்டுக்காரருக்கு உண்டு.

*கடனும் மானியமும்.* ஏமாற்றம் அதிகம் விளையும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முத்ரா கடன் 2015இல் தொடங்கியது. அடமானம் இல்லாமல் சிறுதொழிலுக்கு வங்கி தரும் கடன். 50,000 ரூபாய் வரை ஒரு படி, 5 லட்சம் வரை அடுத்த படி, 10 லட்சம் வரை அதற்கடுத்த படி. அந்த மேல்படிக் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவருக்கு 20 லட்சம் வரை என்று 2024இல் உயர்த்தினார்கள். ஹோம்ஸ்டேக்களுக்கும் முத்ரா கடன் உண்டு என்று 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். செய்தி வந்ததும் "வீடு கட்ட அரசு பணம் தருது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. முத்ராவில் மானியம் கிடையாது. வாங்கிய முழுத் தொகையையும் வட்டியோடு கட்ட வேண்டும்.

மானியம் என்றால், திருப்பித் தர வேண்டாத அரசின் பங்கு. அது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் இருக்கிறது. 2022இல் திருத்திய விதிப்படி சேவைத் தொழிலுக்கு 20 லட்சம், உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்டச் செலவு இருக்கலாம். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 விழுக்காடு மானியம். பெண்கள், பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 விழுக்காடு.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பெண் சாப்பாட்டுக் கடை போட 10 லட்சத்துக்குத் திட்ட அறிக்கை கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கைப்பணம் 5 விழுக்காடு, அதாவது 50,000. மீதி 9.5 லட்சத்தை வங்கி கொடுக்கிறது. 3.5 லட்சம் மானியம் வருகிறது. ஆனால் அவர் கைக்கு வராது. அது அந்த வங்கியிலேயே அவர் பெயரில் மூன்று வருஷம் வைப்பாகக் கிடக்கும். அந்தத் தொகை அளவுக்கான கடனுக்கு வட்டி போட மாட்டார்கள். மூன்று வருஷம் கழித்து, தொழில் நடப்பதை நேரில் பார்த்துவிட்டுக் கடனில் கழிப்பார்கள். கடை நடுவிலேயே மூடிப்போனால் மானியமும் போய்விடும். ஆக, தொழிலைத் தொடர்ந்து நடத்துகிறவருக்குப் பின்னால் கிடைக்கும் சலுகை இது. இது தெரியாமல் "மானியம் வந்ததும் வெளிக்கடனை அடைச்சிரலாம்" என்று கணக்குப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் நம் ஊர்களில் நிறைய.

*பயிற்சி.* சமையல், வழிகாட்டுதல், கணக்கு, இணையத்தில் முன்பதிவு போன்றவை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாகப் பொருள் விற்கும் ஏற்பாடும் இருக்கிறது. நான்கில் மலிவானது இது, கேட்டு வாங்குகிறவர் குறைவானதும் இது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: கட்டுமானம் ஊருக்கு, அங்கீகாரம் ஊருக்கும் வீட்டுக்கும், கடன் தனி ஆளுக்கு, பயிற்சி கேட்கிறவருக்கு. 'சுற்றுலாத் தலம்' என்று அறிவித்ததாலேயே வரும் ரொக்கம் என்று எதுவும் இல்லை.

வந்த பணம் ஊரில் தங்குகிறதா?

சரி, சாலை வந்தது, பலகை வந்தது, கார்களும் வருகின்றன. ஊருக்கு என்ன வந்தது?

ஒரு பேச்சுக்கு, நாலு பேர் உள்ள குடும்பம் ஒன்று மதுரையிலிருந்து கிளம்பி ஒரு நாளைக்கு 6,000 ரூபாய் செலவழிக்கிறது என்று வையுங்கள். வாடகை வண்டிக்கு 2,500. அது நகரத்து ஆளுக்கு. இரவு மாட்டுத்தாவணிப் பக்கம் விடுதி 2,000. மதியச் சாப்பாடு நான்குவழிச் சாலை ஓட்டலில் 1,200. நுழைவுச்சீட்டு அரசுக்கு. ஊர்க்காரருக்கு வந்தது வழியில் குடித்த இளநீர்க் காசு மட்டும். சுற்றுலாப் பயணி செலவழிக்கும் பணம் அந்த ஊரைத் தொடாமல் வெளியே போய்விடுவதைக் கசிவு என்கிறார்கள். கிராமச் சுற்றுலா வெற்றியா தோல்வியா என்பதை எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியாது. கசிவு எவ்வளவு என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கசிவை அடைக்க ஒரே வழி, விருந்தினர் ஊரில் கூடுதல் நேரம் இருக்கக் காரணம் உண்டாக்குவது. மதுரை மல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இலேயே புவிசார் குறியீடு வாங்கிய பூ. பூவாக மலர்ந்த பின் பறித்தால் சந்தையில் மதிப்பில்லை. மொட்டாக இருக்கும்போதே, வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டும். விடிவதற்கு முன்னால் பெண்கள் மடியில் துணிகட்டிக்கொண்டு வரிசை வரிசையாக இறங்குவார்கள். விரல் நுனியில் காம்போடு கிள்ளி மடிக்குள் போடும் வேகத்தை, பக்கத்தில் நின்று பார்த்தால்தான் நம்ப முடியும். கால் முழுக்கப் பனி, கை முழுக்க வாசம். கூலி எடைக்குத்தான், அதனால் யாரும் நிமிர்ந்து பார்க்கவும் நேரமிருக்காது. காலை பத்து மணிக்கு மதுரையிலிருந்து காரில் வருகிறவருக்கு இந்தக் காட்சி கிடையாது. பூ அதற்குள் மாட்டுத்தாவணி சந்தைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இதைப் பார்க்க வேண்டும் என்றால் முதல் நாள் இரவே ஊரில் தங்க வேண்டும். தங்கினால் ஒரு வீட்டுக்கு வாடகை, இரண்டு வேளைச் சாப்பாடு, பூந்தோட்டத்துக்குக் கூட்டிப்போகும் பையனுக்குச் சம்பளம் என்று காசு ஊரிலேயே பிரியும். அவர்கள் பறிக்கும் நேரம் கெடுவதற்கு ஈடாகப் பூப்பறிக்கும் பெண்களுக்கும் ஒரு தொகை கட்டாயம் தர வேண்டும்; அவர்களைச் சும்மா வேடிக்கைப் பொருளாக்குவதை நான் ஏற்க மாட்டேன்.

திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரியிலும் இப்படித்தான். நவராத்திரிக் கொலுவுக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் அங்கே பொம்மை செய்கிறார்கள். வந்தவர் ஒரு பொம்மை வாங்கிப்போனால் ஒரு பொம்மையின் லாபம்தான். அச்சில் மண்ணை அழுத்தி, எடுத்துக் காயவைத்து, அவரே வண்ணம் தீட்டட்டும் என்று அரைநாள் உட்காரவைத்தால், அந்தக் கைவினைஞரின் நேரத்துக்கும் அறிவுக்கும் விலை கிடைக்கும். கொலு சீசன் இல்லாத மாதங்களில் அந்தக் குடும்பங்களுக்கு இது பெரிய ஆதரவு.

சுருக்கம் இவ்வளவுதான்: அரசு ஆளை ஊர் எல்லைவரை கொண்டுவரும். அவர் ஒரு மணி நேரம் இருப்பதா, ஓர் இரவு இருப்பதா என்பது ஊர் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அதிகம் பேர் வந்தாலும் ஆபத்து

மேலூர் வட்டம் அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊர்களிலுமாகச் சுமார் 193 ஹெக்டேர். சமணப் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில், மலையில் கூடுகட்டும் லகர் வல்லூறு எல்லாம் அந்தச் சின்ன வட்டாரத்துக்குள் அடக்கம்.

இந்த அறிவிப்பும் ரொக்கம் தரும் திட்டம் இல்லை. ஊர்க்காரர் ஆடுமாடு மேய்ப்பதையும் விவசாயம் பார்ப்பதையும் அது தடுக்கவும் இல்லை. அது தருவது ஒரு சட்டப் பெயர். அந்தப் பெயருக்கு மதிப்பு இருக்கிறது என்பதை, அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் என்ற உலோகத்துக்குச் சுரங்கம் தோண்ட ஏலம் விட்ட பிரச்சினையில் பார்த்தோம். கிராம சபைகள் தீர்மானம் போட்டன, மக்கள் மேலூரிலிருந்து மதுரைக்குத் திரண்டு வந்தார்கள், 2025 ஜனவரியில் சுரங்க ஏலம் ரத்தானது.

ஆனால் சுரங்கத்திலிருந்து காப்பாற்றிய மலையைச் சுற்றுலாவே கெடுத்துவிடக் கூடாது. ஓர் இடம் தன் தண்ணீர், மண், உயிரினம், மக்கள் நிம்மதி கெடாமல் ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தாங்கும் என்பதற்குத் தாங்குதிறன் என்று பெயர். வல்லூறு கூடு கட்டும் பாறைக்குக் கீழே பாட்டுப்பெட்டியும் ட்ரோனும் வந்தால் அது அந்தப் பாறையை விட்டுப் போய்விடும். அதைப் பார்க்க வந்த ஆளும் பிறகு வர மாட்டார். ஒரு நாளைக்கு எத்தனை குழு, எந்த மாதம் மலையேறக் கூடாது, ஊர் வழிகாட்டி இல்லாமல் போகலாமா என்பதை ஊராட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும்.

கீழக்குயில்குடி சமணர் மலை போன்ற தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் இன்னொரு வேலியும் உண்டு. சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கித்தான் கட்டலாம். மலையடிவாரத்தில் ஹோம்ஸ்டே கட்ட ஆசைப்படுகிறவர் கடன் மனு போடுமுன் இந்த அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

விருந்தினர் யார் வீட்டுக்குப் போவார்?

இதைப் பேசப் பலரும் தயங்குகிறார்கள். ஏற்பாடு எதுவும் இல்லாமல் விட்டால், விருந்தினர் நேராகப் பெரிய தெருவில் இருக்கும் மாடிவீட்டுக்குத்தான் போவார். கடனும் சொத்து இருப்பவருக்குத்தான் சுலபமாகக் கிடைக்கும். காலனியில் இருக்கும் குடும்பத்துக்கு, பறை அடிக்கிறவருக்கு, ஆடு மேய்க்கிறவருக்கு இந்த வருமானத்தில் என்ன பங்கு? தங்கும் வீடுகளுக்கு முறை வைப்பது, சமையலைச் சுய உதவிக் குழுவிடம் கொடுப்பது, ஒவ்வொரு விருந்தினரிடமும் ஒரு சிறு தொகையை ஊர்ப் பொதுநிதிக்கு வாங்கி அதன் கணக்கைப் பலகையில் எழுதிப் போடுவது போன்றவற்றை முதல் விருந்தினர் வருமுன்பே எழுத்தில் முடிவுசெய்ய வேண்டும். காசு வர ஆரம்பித்த பிறகு இதைப் பேசினால் சண்டைதான் வரும்.

எங்கே தொடங்குவது?

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முதல் வேலை அங்கேதான். "எங்கள் ஊரைச் சுற்றுலாத் தலமாக அறிவிக்க வேண்டும்" என்ற ஒற்றை வரித் தீர்மானத்தால் எந்த அலுவலகத்திலும் எதுவும் நகராது. என்ன இருக்கிறது, எந்தெந்த வீடுகள் அறை தரத் தயார், எத்தனை பேர் வந்தால் தாங்கும், எந்த வேலை உடனே வேண்டும் என்று விவரமாக எழுதிய தீர்மானம் வேண்டும்.

அதன் நகலோடு, கட்டுமானத்துக்கு வட்டார வளர்ச்சி அலுவலகமும் சட்டமன்ற உறுப்பினரும். ஹோம்ஸ்டே பதிவுக்கும் ஊரை விளம்பரப்படுத்தவும் மதுரையில் உள்ள மாவட்டச் சுற்றுலா அலுவலகம். மானியக் கடனுக்கு மாவட்டத் தொழில் மையம். குழுப் பயிற்சிக்கு மகளிர் திட்ட அலுவலகம். தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை 2023 ஊரகச் சுற்றுலாவை முன்னுரிமைப் பிரிவுகளில் ஒன்றாக வைத்திருக்கிறது; மனுவில் அதைக் குறிப்பிடலாம்.

கடனை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கிற வீட்டில் ஓர் அறையைச் சுத்தம் செய்து, நல்ல கழிப்பறை வைத்து, பதிவு வாங்கி, ஒரு பொங்கல் சீசனைப் பாருங்கள். தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டுக்காக வெளியூரும் வெளிநாடும் மதுரையைத் தேடி வரும் நேரம் அது; தங்க இடம் கிடைக்காமல் அலைவார்கள். அப்போது வருகிறவர் மாசியிலும் ஆடியிலும் வரக் காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் இரண்டாவது அறைக்கு வங்கிக்குப் போங்கள்.